ஏழாம் மாதத்தில் பிறக்கும் ஆண்டு

யூதர்களின் ஆண்டு ஏழாம் மாதத்தில் பிறக்கிறது. திஷ்ரி என்னும் அந்த மாதத்தின் முதல் நாளுக்கு ரோஷ் ஹஷானா என்று பெயர். எபிரேயத்தில் அதற்கு ‘ஆண்டின் தலை’ என்று பொருள். வசந்தகால மாதமான நிசானிலிருந்து மாதங்களை எண்ணிக்கொண்டு வருகிறவர்கள், ஏழாவதை எட்டியதும் ஆண்டின் எண்ணை மாற்றுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று சூரியன் மறைந்தபோது 5785 முடிந்து 5786 பிறந்தது. யூத நாள் மாலையில் தொடங்குவதால் ஆண்டும் மாலையில்தான் பிறக்கும்.

அந்த மாலையில் வாணவேடிக்கையும் இல்லை, நள்ளிரவு ஆரவாரமும் இல்லை. மறுநாள் காலை பலர் வெள்ளை உடுத்தி ஜெப ஆலயத்தில் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். ஆட்டுக்கடாக் கொம்பின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். வீடு திரும்பி விருந்து உண்கிறார்கள், ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நீதிமன்றத்தில் நிற்கும் அச்சமும் பந்தியில் அமரும் மகிழ்ச்சியும் ஒரே நாளில் வருகின்றன. இவை இரண்டும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று தேடிப் போனால் மூவாயிரம் ஆண்டுக் கதை விரிகிறது.

வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா இந்த நாளைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில் மூன்று வசனங்கள், எண்ணாகமம் 29ஆம் அதிகாரத்தில் ஆறு வசனங்கள். ஏழாம் மாதம் முதல் தேதி ஓய்வு, வேலை கூடாது, இன்னின்ன பலிகள் செலுத்த வேண்டும், ஓசை எழுப்ப வேண்டும். அவ்வளவே. எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைப் பஸ்கா நினைவூட்டுகிறது. வனாந்தரத்தில் குடிசைகளில் தங்கியதைக் கூடாரப் பண்டிகை நினைவூட்டுகிறது. திஷ்ரி முதல் நாளுக்கு மட்டும் தோரா காரணமே சொல்லவில்லை. புத்தாண்டு என்றும் அதை அழைக்கவில்லை. யாத்திராகமம் 12ஆம் அதிகாரமோ நிசானே மாதங்களில் முதலாவது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் விதிக்கிறது. ‘ரோஷ் ஹஷானா’ என்ற தொடர் எபிரேய வேதாகமம் முழுவதிலும் ஒரே இடத்தில், எசேக்கியேல் 40ஆம் அதிகாரத்தில் வருகிறது. அங்கும் இந்தப் பண்டிகையைப் பற்றிய பேச்சு இல்லை.

தமிழ் வேதாகமம் அந்த ஓசையை எக்காளச் சத்தம் என்று மொழிபெயர்த்தது. அதனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை எக்காளப் பண்டிகை என்றே அறிவார்கள். ஆனால் எக்காளம் என்பது உலோகக் குழல். யூதர்கள் ஊதும் ஷோஃபார் விலங்கின் கொம்பு. நம் ஊர்த் திருவிழாக்களில் முழங்கும் ‘கொம்பு’ என்ற சொல்தான் அதற்கு நெருக்கமானது.

காரணம் சொல்லப்படாத இந்த நாளுக்கு உணர்ச்சி வந்து சேர்ந்தது நெகேமியாவின் புத்தகத்தில். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் காலம் அது, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ஏழாம் மாதம் முதல் தேதி, எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னால் மக்கள் கூடுகிறார்கள். வேதபாரகனான எஸ்றா காலை முதல் நண்பகல்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். கேட்டவர்கள் அழத் தொடங்குகிறார்கள். அழ வேண்டாம், போய்க் கொழுமையானதை உண்ணுங்கள், இனிப்பானதைப் பருகுங்கள், ஒன்றும் இல்லாதவருக்குப் பங்கு அனுப்புங்கள் என்று தலைவர்கள் அவர்களைத் தேற்றுகிறார்கள். அந்தக் காட்சியில் கொம்பு ஊதப்படவில்லை, புத்தாண்டு என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் அழுகையும் இனிப்பும் ஏழாம் மாதத்தின் முதல் நாளோடு ஒட்டிக்கொண்டது அங்கேதான்.

புத்தாண்டு என்ற பெயர் உறுதிப்படுவது கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், அதாவது யூத மத அறிஞர்களான ரபிகளின் சட்டத் திரட்டில். அதில் இந்தப் பண்டிகைக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. அது தொடங்குவதே ஆண்டுக்கு நான்கு புத்தாண்டுகள் உண்டு என்ற செய்தியோடுதான். அரசர்களின் ஆட்சியாண்டுக்கும் பண்டிகை வரிசைக்கும் நிசான் 1, கால்நடையில் தசமபாகம் கணக்கிட எலூல் 1, ஆண்டுகளை எண்ண திஷ்ரி 1, மரங்களுக்கு ஷெவாத் மாதத்தில் ஒரு நாள். மரங்களின் புத்தாண்டு ஷெவாத் 1 என்று ஷம்மாயின் பள்ளியும் 15 என்று ஹில்லேலின் பள்ளியும் வாதிட்டன. ஹில்லேல் பக்கமே நிலைத்தது. சித்திரை முதல் நாள் ஒரு கணக்கு, ஏப்ரல் 1 வரிக்கணக்கு, ஜூன் மாதம் பள்ளிக்கணக்கு என்று வாழ்கிற நமக்கு இதில் வியப்பு இருக்காது. எதை எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து ஆண்டு தொடங்குகிறது.

திஷ்ரி ஆண்டின் தலையானதற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. இஸ்ரவேல் நாட்டில் கோடை வறண்டது. இலையுதிர் காலத்தில் முதல் மழையை எதிர்பார்த்து உழவு தொடங்கும். திராட்சையும் ஒலிவமும் சேர்த்து முடித்து, அடுத்த விதைப்புக்குக் கை நீளும் இடைவெளி அது. கேசேரில் 1908இல் கண்டெடுக்கப்பட்ட சிறு சுண்ணாம்புக் கல் பலகை ஒன்று, ஏறத்தாழ கி.மு. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உழவர் மாதங்களை விளைச்சல் சேர்க்கும் பருவத்திலிருந்தே வரிசைப்படுத்துகிறது. திஷ்ரி என்பதும் பாபிலோனிலிருந்து வந்த மாதப்பெயர். அதன் அக்காதிய வேருக்குப் பொருள் ‘தொடக்கம்’. நிசான் ஓர் இனத்தின் விடுதலையிலிருந்து எண்ணும் கணக்கு. திஷ்ரி மண்ணையும் மழையையும் வைத்து எண்ணும் கணக்கு, பின்னாளில் உலகப் படைப்பையே வைத்து எண்ணும் கணக்கு.

படைப்புக் கணக்கின்படி உலகம் கி.மு. 3761இல் தொடங்கியது. 2ஆம் நூற்றாண்டு ரபி யோசே பென் ஹலப்தாவின் பெயரில் வழங்கும் ‘சேதேர் ஓலாம்’ என்ற காலவரிசை நூல் இதற்கு அடிப்படை. வேதாகமத் தலைமுறைகளின் வயதைக் கூட்டிப் பெற்ற எண் அது. உலகம் எந்த மாதத்தில் படைக்கப்பட்டது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. ரபி எலியேசர் திஷ்ரி என்றார், ரபி யோசுவா நிசான் என்றார். திஷ்ரி முதல் நாள் ஆதாம் படைக்கப்பட்ட நாள் என்ற கருத்து வேரூன்றியதும் பண்டிகையின் எல்லை யூதர்களைத் தாண்டி விரிந்தது. உலகில் உள்ள அனைவரும் அன்றைக்கு மந்தைபோல ஒவ்வொருவராகக் கடவுள் முன் கடந்து போகிறார்கள் என்கிறது மிஷ்னா. அது சொல்வது எல்லா மனிதர்களையும்.

இந்த எண் வெறும் அலங்காரமும் அல்ல. ஏழால் மீதியின்றி வகுபடும் ஆண்டு நிலத்துக்கு ஓய்வாண்டு. 5782, அதாவது 2021 செப்டம்பரிலிருந்து ஓராண்டு, அப்படி அமைந்தது. மரபைக் கடைப்பிடிக்கும் இஸ்ரேலிய விவசாயிகள் அவ்வாண்டு நிலத்தைத் தரிசாக விட்டார்கள், அல்லது சட்டத்தில் ஒரு வழி கண்டார்கள்.

தேதியைக் கண்டுபிடித்த கதை தனியாகச் சொல்லத் தக்கது. யூத மாதம் புதுப்பிறையோடு தொடங்குகிறது. பழங்காலத்தில் பிறையைக் கண்ட சாட்சிகள் எருசலேமில் ‘பெத் யாசேக்’ என்ற பெரிய முற்றத்துக்கு வருவார்கள். இன்னொரு முறையும் விரும்பி வரட்டும் என்பதற்காக அவர்களுக்குப் பெருவிருந்து வைக்கப்பட்டதாக மிஷ்னா சொல்கிறது. எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்த பிறகு, பிறையின் வடிவங்களைத் தம் மேல்மாடிச் சுவரில் வரைந்து வைத்திருந்தார் யூத அறிஞர்களின் தலைவரான ரபான் கமாலியேல். எழுத்தறியாதவரிடமும் “இப்படிக் கண்டாயா, அப்படிக் கண்டாயா” என்று படத்தைக் காட்டிக் கேட்பாராம். மாதம் பிறந்தது உறுதியானதும் முற்காலத்தில் ஒலிவ மலையில் தீப்பந்தம் அசைப்பார்கள். அதைக் கண்டு அடுத்த மலையில், அடுத்ததில் என்று செய்தி பாபிலோனியச் சமூகங்கள்வரை போகும். சமாரியர்கள் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதாகக் குற்றம் சாட்டி, பின்னர் தூதர்களை அனுப்பத் தொடங்கினார்கள்.

ஒருமுறை சாட்சிகளின் சொல்லை ஏற்று கமாலியேல் தேதி குறித்தார். அந்தச் சாட்சியம் பொய் என்ற கருத்தை ரபி யோசுவா ஏற்றார். நடந்தது என்ன? யோசுவாவின் கணக்கில் பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் எதுவோ, அன்று கையில் கோலும் பணப்பையும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வர வேண்டும் என்று கமாலியேல் கட்டளையிட்டார். புனித நாளில் செய்யக் கூடாத காரியம் அது. யோசுவா மனம் நொந்தார், இருந்தும் வந்தார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, ஞானத்தில் என் ஆசான், என் சொல்லை ஏற்றதில் என் சீடன் என்று வரவேற்றார். வானம் காட்டிய தேதியைவிட, மக்கள் எல்லோரும் ஒரே நாளில் பண்டிகை கொண்டாடுவது பெரிது என்று இருவருமே ஒப்புக்கொண்ட தருணம் அது.

மாதத்தின் முதல் தேதியிலேயே வருகிற பெரிய பண்டிகை ரோஷ் ஹஷானா ஒன்றுதான். சாட்சிகள் மாலைவரை வராவிட்டால் எருசலேமிலேயே குழப்பம். ஆகவே இரண்டு நாள் கொண்டாடும் வழக்கம் வந்தது. இரண்டையும் சேர்த்து ‘ஒரே நீண்ட நாள்’ என்றார்கள். மற்றப் பண்டிகைகளின் புனித நாளை ஒன்றோடு முடித்துக்கொள்ளும் இஸ்ரேலிலும் இதற்கு மட்டும் இரண்டு நாள். கணிதத்தால் முன்கூட்டியே நாள் குறிக்கும் நாட்காட்டியை மரபு 4ஆம் நூற்றாண்டின் இரண்டாம் ஹில்லேலுக்கு உரியதாக்குகிறது. அது படிப்படியாகவே இன்றைய வடிவத்தை அடைந்தது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூட்டப்படுகிறது. அதனால் பஸ்கா வசந்தத்தை விட்டு நகராது, ரோஷ் ஹஷானாவும் செப்டம்பர், அக்டோபரைத் தாண்டாது. அதன் முதல் நாள் ஞாயிறு, புதன், வெள்ளியில் வராதபடியும் கணக்கு சரிசெய்யப்படுகிறது. அப்படி வந்தால் யோம் கிப்பூர் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு முன்னோ பின்னோ ஒட்டிக்கொள்ளும், அல்லது கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள் சடங்கு ஓய்வுநாளில் விழும்.

இனி, கொம்பு.

ஷோஃபார் ஆட்டுக்கடா போன்ற விலங்குகளின் உட்புழையுள்ள கொம்பு. யேமன் யூதர்கள் ஆப்பிரிக்கக் குடு மானின் நீண்டு முறுக்கிய கொம்பை ஊதுகிறார்கள். மாட்டுக் கொம்பு ஆகாது. பொன் கன்றுக்குட்டியின் நினைவை நீதி கேட்கும் நாளில் கொண்டுவரலாகாது என்பது மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று. கட்டளை என்பது ஊதுவதில் இல்லை, கேட்பதில்தான் இருக்கிறது. குழிக்குள்ளோ பெரிய தாழிக்குள்ளோ ஊதினால் என்ன என்று மிஷ்னா கேட்கிறது. கொம்பின் ஓசையைக் கேட்டவர் கடமையை நிறைவேற்றினார், எதிரொலியைக் கேட்டவர் நிறைவேற்றவில்லை. வானொலியிலோ கணினியிலோ கேட்டால் போதாது என்று இன்றைய ரபிகளில் பெரும்பாலோர் சொல்வதற்கு அடித்தளம் இந்த வரி. 2020 செப்டம்பர் 18, பண்டிகைக்கு முந்தைய பிற்பகலில், கோவிட் பரவலால் இஸ்ரேல் முழுவதும் இரண்டாம் முறை ஊரடங்கு தொடங்கியது. பல நாடுகளில் ஜெப ஆலயங்கள் மூடிக் கிடந்த அந்த ஆண்டில், தெருமுனைகளிலும் பூங்காக்களிலும் நின்று ஊதினார்கள். வீட்டை விட்டு வெளிவர முடியாதவர்கள் மாடத்தில் நின்று கேட்டார்கள்.

அந்த ஓசை எப்படி இருக்க வேண்டும்? தோரா ‘தெருவா’ என்ற ஒரே சொல்லோடு விட்டுவிட்டது. பழைய அராமைய மொழிபெயர்ப்பு அதை ‘யெபாவா’ என்கிறது. அந்தச் சொல்லின் பொருளைத் தேடிய தல்மூத் அறிஞர்கள் நியாயாதிபதிகள் புத்தகத்துக்குப் போனார்கள். இஸ்ரவேலரை ஒடுக்கிய கானானியப் படைத்தலைவன் சிசெரா போரில் தோற்று யாகேல் என்ற பெண்ணின் கையால் மடிகிறான். அதை அறியாத அவன் தாய், ரதம் வரக் காணோமே என்று சன்னல் வழியே பார்த்துக் கதறுகிறாள். அங்கே வரும் வினைச்சொல்தான் இதற்கு வேர். அவள் நீள மூச்சு வாங்கி ஏங்கினாளா, விம்மி விம்மி அழுதாளா? ஒரு தரப்பு அப்படி என்றது, ஒரு தரப்பு இப்படி என்றது. 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் செசரியாவில் வாழ்ந்த ரபி அபாகு இரண்டையுமே ஊதச் சொன்னார். மூன்று உடைந்த ஏக்கங்கள் ‘ஷெவாரிம்’. ஒன்பது துண்டு விம்மல்கள் ‘தெருவா’. அவற்றுக்கு முன்னும் பின்னும் உடையாத நெடிய ‘தெக்கியா’. இன்று பெரும்பாலான ஜெப ஆலயங்களில் ஒரு நாளில் 100 ஓசைகள். சிசெராவின் தாய் நூறு முறை கதறினாள், அதற்கு ஈடு இந்த நூறு என்று இடைக்கால உரையாசிரியர்கள் எழுதி வைத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓர் இனம் தன் மிகப் புனிதமான ஓசைக்கு இலக்கணம் தேடியபோது, தன் வீரர்களின் வெற்றி முழக்கத்தையோ தன் தாய்மாரின் ஒப்பாரியையோ எடுக்கவில்லை. பகைவனின் தாய் அழுத அழுகையை எடுத்தது. உலக மதங்களின் சடங்கு வரலாற்றில் இதற்கு இணையாக வைக்கத் தக்கவை மிகச் சிலவே.

அன்று வாசிக்கும் பகுதிகளும் அதே திசையில் செல்கின்றன. உலகம் படைக்கப்பட்ட நாள் என்றால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தையல்லவா படிக்க வேண்டும்? படிப்பதில்லை. முதல் நாள் 21ஆம் அதிகாரம். சாராள் ஈசாக்கைப் பெறுகிறாள். அடிமைப் பெண் ஆகாரும் அவள் மகன் இஸ்மவேலும் துரத்தப்படுகிறார்கள். தண்ணீர் தீர்ந்த வனாந்தரத்தில், பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டேன் என்று எட்டப் போய் உட்கார்ந்து அவள் அழுகிறாள். கடவுள் பிள்ளையின் குரலைக் கேட்கிறார். அதைத் தொடர்ந்து, குழந்தை வரம் கேட்டு உதடு மட்டும் அசைய அழுத அன்னாளின் கதை. இரண்டாம் நாள் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன 22ஆம் அதிகாரம். ஈசாக்குக்குப் பதிலாகப் புதரில் கொம்பு சிக்கி நின்ற கடாவே ஷோஃபாருக்கு மூலம் என்பது மரபு. பின்னர் எரேமியாவில் தன் பிள்ளைகளுக்காக ஆறுதலின்றி அழும் ராகேல். ஆகார், அன்னாள், ராகேல், கொம்புக்குள் சிசெராவின் தாய். புத்தாண்டுக் காலை முழுவதும் பெண்களின் அழுகை கேட்கிறது.

வழிபாட்டு நூலின் மொழி வேறு. அது கடவுளை அரசன் என்கிறது, நீதிபதி என்கிறது. நண்பகலை ஒட்டிய நீண்ட தொழுகை ஆட்சி, நினைவு, கொம்பு என்ற மூன்று பகுதிகளாக அமைந்தது. ரோஷ் ஹஷானா அன்று மூன்று புத்தகங்கள் திறக்கப்படுகின்றன என்று தல்மூத்தில் ரபி யோகனானின் பெயரால் ஒரு கூற்று வருகிறது. முழு நல்லவர் உடனே வாழ்வின் புத்தகத்திலும், முழுத் தீயவர் சாவின் புத்தகத்திலும் எழுதப்படுகிறார்கள். நடுவில் நிற்பவர்களின் தீர்ப்பு திஷ்ரி 10, யோம் கிப்பூர்வரை காத்திருக்கிறது. தன்னை முழு நல்லவன் என்று எவன் சொல்ல முடியும்? ஆகவே எல்லோருக்கும் பத்து நாள் அவகாசம். நல்ல ஆண்டுக்கு உங்கள் பெயர் எழுதப்படட்டும் என்ற வாழ்த்தின் பின்னணி இதுதான். சுருக்கமாக ‘ஷானா தோவா’, நல்லாண்டு. மகிழ்ச்சியான ஆண்டு என்று எபிரேயம் சொல்லவில்லை, நல்ல ஆண்டு என்றே சொல்கிறது.

யார் தண்ணீரால், யார் நெருப்பால் என்று வரும் ஆண்டின் சாவுகளைக் கேள்விகளாக அடுக்கும் ‘உனத்தானே தோக்கெஃப்’ மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்களின் தொழுகையில் உச்சம். மைன்ஸ் நகரத்து ரபி அம்னோன் கைகால் வெட்டுண்டு சாகும்போது பாடியது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கெய்ரோ ஜெப ஆலயக் களஞ்சியத்தில் கிடைத்த படிகள் அது அந்தக் கதையைவிடப் பழையது என்று காட்டின. பைசாந்தியர் கால பாலஸ்தீனத்தில் பிறந்த பாட்டு அது என்பதே இன்று பரவலான கருத்து. கனடியப் பாடகர் லியோனார்ட் கோஹன் 1974இல் வெளியிட்ட ‘ஹூ பை ஃபயர்’ இதிலிருந்து முளைத்ததுதான்.

ஆனால் தொழுகை எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடாது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள குற்றத்தை யோம் கிப்பூர் நீக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே உள்ளதை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானம் செய்யும்வரை நீக்காது என்று மிஷ்னா கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே திஷ்ரிக்கு முந்தைய எலூல் மாதம் முழுவதும், ஓய்வுநாள் தவிர்த்து, தினமும் கொம்பு ஊதி எழுப்புகிறார்கள். ஸ்பெயின் வழி மரபினரான செபார்தி யூதர்கள் அந்த மாதம் முழுவதும் விடியலுக்கு முன் எழுந்து மன்னிப்பு மன்றாட்டுகளைப் பாடுகிறார்கள். பேச்சு நின்றுபோன உறவினரின் வீட்டுக் கதவைத் தட்டுவதும், வாங்கிய கடனைக் கொடுப்பதும், தவறாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பதும் இந்த நாட்களில் செய்ய வேண்டியவை. பண்டிகையின் கடினமான பகுதி இதுவே.

இனிப்பான பகுதி சாப்பாட்டு மேசையில். ஆப்பிளும் தேனும் இன்று உலகெங்கும் இதன் அடையாளம், ஆனால் அது இடைக்கால ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கம். அதைவிடப் பழையது தல்மூத்தில் அபாயே என்ற பாபிலோனிய அறிஞர் சொன்ன பட்டியல்: சுரைக்காய், வெந்தயம் அல்லது பயறு, லீக் என்ற பூண்டுக் குடும்பத்துத் தாள், பீட் கீரை, பேரீச்சம்பழம். தேர்வுக்குக் காரணம் சொல்விளையாட்டு. ‘ருபியா’ என்றால் பெருகட்டும் என்ற சொல்லின் சாயல், ஆகவே நம் நற்செயல்கள் பெருகட்டும். ‘கர்த்தி’ என்ற லீக், வெட்டு என்ற சொல்லின் சாயல், ஆகவே பகை அறுபடட்டும். பேரீச்சையின் ‘தாமார்’, முடிந்துபோகட்டும் என்பதன் சாயல். ருபியா எது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு. சிலர் வெந்தயம் என்றார்கள், எகிப்து, சிரியா யூதர்கள் காராமணி என்றார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கள் இத்திஷ் மொழிக்கு ஏற்ப விளையாட்டைத் தொடர்ந்தார்கள். அதில் ‘மெரன்’ என்றால் கேரட்டும் உண்டு, பெருகுதலும் உண்டு. தேனும் கேரட்டும் சேர்த்துச் சமைத்த ‘சிம்மெஸ்’ அப்படித்தான் பண்டிகைப் பந்திக்கு வந்தது. மீன் தலையையோ ஆட்டுத் தலையையோ வைத்து, வாலாகாமல் தலையாக இருப்போம் என்று வேண்டுவார்கள். வழக்கமாகச் சடைபோலப் பின்னும் ஹல்லா ரொட்டியை அன்று வட்டமாகச் சுடுவார்கள். இரண்டாம் இரவு அந்தப் பருவத்தில் அதுவரை சாப்பிடாத பழம் ஒன்று, பெரும்பாலும் மாதுளை. புளிப்பையும் கொட்டைகளையும் பலர் தவிர்க்கிறார்கள்.

முதல் நாள் பிற்பகல் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போய், பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிவதைப் பற்றிய மீகாவின் வசனத்தை ஓதும் ‘தஷ்லிக்’ சடங்கு பிற்காலத்தது. 1427இல் மறைந்த ஜெர்மானிய ரபி மாகரிலின் வழக்கத் தொகுப்பில்தான் முதலில் தெளிவாகத் தெரிகிறது. இன்று நியூயார்க்கின் பாலங்களிலும் டெல் அவீவின் கரையிலும் பெருங்கூட்டத்தைக் காணலாம்.

எல்லா யூதர்களும் ஒரே மாதிரி கொண்டாடியதும் இல்லை. தல்மூத்தை ஏற்காத கராய்த்தர்கள் இந்த நாளுக்கு ரோஷ் ஹஷானா என்ற பெயரையே ஏற்பதில்லை, கொம்பும் ஊதுவதில்லை. அவர்களுக்குத் தெருவா என்பது மனிதர் வாயால் எழுப்பும் ஆர்ப்பரிப்பு. மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையில் செக்காட்டி எண்ணெய் விற்று, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் ‘ஷன்வார் தேலி’ என்று பெயர்பெற்ற பெனே இஸ்ரேல் யூதர்கள் நூற்றாண்டுகளாகப் பிற யூதரிடமிருந்து துண்டுபட்டிருந்தார்கள். அவர்கள் மராத்தியில் இதை ‘நவ்யாச்சா சண்’, புதியதன் பண்டிகை, என்று ஒரே நாள் கொண்டாடினார்கள். யோம் கிப்பூர் அவர்களுக்கு ‘தார்ஃபால்னிச்சா சண்’, கதவடைக்கும் பண்டிகை. மரபின் எபிரேய வடிவத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் கொச்சி யூதர்கள் முக்கியமானவர்கள். ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு உரிமைகள் வழங்கி, பழந்தமிழ்ச் சாயல் மாறாத மொழியில் வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு அந்தக் கொச்சிச் சமூகத்திடம்தான் இருந்தது. 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள்.

இந்த நாள் ஒரு சமூகத்தின் உயிரைக் காத்த வரலாறும் உண்டு. 1943இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த டென்மார்க்கில் யூதர்களைக் கைதுசெய்ய நாஜிகள் அக்டோபர் 1 இரவைத் தேர்ந்தெடுத்தார்கள். ரோஷ் ஹஷானா காலம், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்பது கணக்கு. ஜெர்மானியத் தூதரக அதிகாரி கெயார்க் டுக்விட்ஸ் செய்தியை டேனிஷ் அரசியல் தலைவர்களிடம் கசியவிட்டார். செப்டம்பர் 29, பண்டிகைக்கு முந்தைய காலை, கோபன்ஹேகன் ஜெப ஆலயத்தில் ரபி மார்க்கஸ் மெல்கியோர் எழுந்து, தொழுகை இல்லை, உடனே போய் ஒளிந்துகொள்ளுங்கள், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். அண்டை வீட்டாரும் மருத்துவமனைகளும் மறைத்து வைத்தனர். மீனவர்கள் படகேற்றினர். அடுத்த சில வாரங்களில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் கடலைக் கடந்து சுவீடன் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 470 பேர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் புத்தாண்டில் கோபன்ஹேகன் ஜெப ஆலயத்தில் கொம்பு முழங்கவில்லை. அழுகுரலைக் கேட்பதே அந்த நாளின் கடமை என்றால், அந்த ஆண்டு அதை நிறைவேற்றியவர்கள் யூதரல்லாத டேனிஷ் மக்கள்.

இன்று பண்டிகை பல உருவங்களில் வாழ்கிறது. 1810இல் மறைந்து உக்ரைனின் உமான் நகரில் அடக்கமான ஹசிதிய பக்தி இயக்கத் தலைவர் ரபி நக்மானின் கல்லறைக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் ஹசிதிய யூதர்கள் வருகிறார்கள். 2022க்குப் பின் போர் எச்சரிக்கையையும் மீறி வருகிறார்கள். இஸ்ரேலின் புள்ளியியல் துறை ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பண்டிகையை ஒட்டி நாட்டின் மக்கள்தொகையை வெளியிடுகிறது. ஜெப ஆலயம் பக்கமே போகாதவர்கள்கூட அன்று இரவு குடும்பத்தோடு மேசையைச் சுற்றி அமர்ந்து தேன் தொட்டுக்கொள்கிறார்கள். இனிப்பு எளிதில் பரவிவிட்டது, கணக்குப் பார்க்கும் பத்து நாட்கள் அவ்வளவு எளிதில் பரவவில்லை. எஸ்றாவின் காலத்திலிருந்து இரண்டும் சேர்ந்தே வந்தவை. ஒன்றை விட்டு ஒன்றைக் கொண்டாடினால் அது பாதிப் பண்டிகைதான்.

5787ஆம் ஆண்டு 2026 செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை மாலை பிறக்கிறது. முதல் நாள் சனிக்கிழமையில் வருவதால், ஓய்வுநாளில் யாரும் கொம்பைத் தெருவில் சுமந்து செல்ல நேரலாகாது என்ற தல்மூத் விதிப்படி, மரபுவழி ஜெப ஆலயங்களில் அன்று ஷோஃபார் ஒலிக்காது. அந்த ஆண்டின் முதல் தெக்கியாவை அவர்கள் செப்டம்பர் 13, ஞாயிறு காலை கேட்பார்கள்.